நேப்பிள்ஸில் கையில் ஒரே நாள்: பொம்பேயா, எர்குலேனியமா, பாயாவா?

நேப்பிள்ஸுக்கு வருகிறவர்களில் பலர் அதற்கென்று ஒரே ஒரு நாளைத்தான் ஒதுக்கியிருப்பார்கள். ரோமில் மூன்று நாள், வெனிஸில் இரண்டு நாள், நடுவே இது. அந்த ஒரு நாளுக்குள் பொம்பேய், வெசூவியஸ் உச்சி, சொரெண்டோ, பொசித்தானோ, அமால்ஃபி என்று ஐந்தையும் திணித்த அட்டவணை வேறு கையில் இருக்கும். மாலையில் கணக்குப் பார்த்தால் பாதிப் பொழுது ரயிலிலும் பஸ் நிறுத்தத்திலும் கழிந்திருக்கும். ஒரு நாளில் உருப்படியாகப் பார்க்க முடிவது ஒரு ரோமானிய இடிபாடு, ஒரு கடலோர ஊர். அவ்வளவுதான். இரண்டும் ஒரே ரயில் தடத்தில் இருந்தால் நல்லது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் தடவை வருபவர்கள், குழந்தையோ வயதானவரோ கூட வருகிற குடும்பங்கள், பொம்பேயைப் போலவே வெசூவியஸ் எரிமலையில் புதைந்த சின்ன ஊரான எர்குலேனியத்தையும் கடலோரச் சொரெண்டோவையும் எடுத்துக்கொள்ளலாம். 'இவ்வளவு தூரம் வந்துவிட்டு பொம்பேயைப் பார்க்காமல் போவதா' என்று மனசு கேட்காதவர்கள் பொம்பேய்க்கே போகட்டும். ஆனால் உள்ளே 4 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஏற்கெனவே பொம்பேயைப் பார்த்தவர்களுக்கும், பழைய கடல் வணிகத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் மேற்குப் பக்கத்துப் பொத்சுவோலியும் பாயாவும். அமால்ஃபிதான் வேண்டுமென்றால் பொம்பேயை மறந்துவிட வேண்டும். அந்தத் தடத்திலும் ஒரு ரோமானிய மாளிகை கிடைக்கும், அது கீழே.

இரண்டு ஊர், இரண்டு விதப் புதைவு

பொம்பேயா எர்குலேனியமா என்று தேர்வதற்கு, அவை எப்படிப் புதைந்தன என்று தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது காற்று தென்கிழக்காக அடித்தது. அந்தத் திசையில் இருந்த பொம்பேயின் மேல் நுரைக்கல் மழையாகக் கொட்டியது. கையில் எடுத்தால் தக்கை மாதிரி எடையே இல்லாத கல்தான். ஆனால் மணிக்கணக்காக விழுந்து 3 மீட்டர் உயரத்துக்குக் குவிந்தபோது ஓட்டுக் கூரைகள் தாங்கவில்லை. கூரையும் மாடியும் சேர்ந்து சரிந்தன. மறுநாள் காலை சுடுசாம்பல் அலை வந்து மிச்சத்தை மூடியது. அதனால் இன்று பொம்பேயில் பார்ப்பது பெரும்பாலும் கூரையற்ற சுவர்கள், தூண்கள், தெருக்கள்.

எர்குலேனியம் மலைக்கு மேற்கே இருந்தது. முதல் நாள் அங்கே பெரிதாக எதுவும் விழவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு கொதிக்கும் வாயுவும் சாம்பலும் மலைச்சரிவில் பாய்ந்து வந்தன. அலைமேல் அலையாக வந்து ஊரைச் சுமார் 20 மீட்டர் ஆழத்தில் புதைத்தன. அது இறுகிப் பாறையாகிவிட்டது. உள்ளே மாட்டிய மரம் காற்றில்லாமல் வெந்ததால் சாம்பலாகாமல் கரியாக நின்றது. ராமநாதபுரத்துப் பக்கம் சீமைக்கருவேல விறகை மண் போட்டு மூடிக் கரிமூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அதே வேலைதான், ஊர் அளவில்.

ஆகவே எர்குலேனியத்தில் மாடி இருக்கிறது, மாடிப்படி இருக்கிறது, நிலைக்கதவின் உத்தரம் கரிய கட்டையாக அப்படியே சுவருக்குள் செருகி நிற்கிறது. 'மரத்தடுப்பு வீடு' என்று பெயர் வாங்கிய வீட்டில், கூடத்தையும் உள்ளறையையும் பிரித்த மரத்தடுப்பு வெண்கலக் கொக்கிகளோடு கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. நெப்டியூன் வீட்டின் முற்றத்துச் சுவரில் நீலமும் பச்சையுமாகக் கண்ணாடித் துண்டுகள் பதித்த சித்திரம். ஓரத்தில் நிஜக் கடற்சிப்பிகள். அதை ஒட்டிய கடையில் மதுச்சாடிகள் அடுக்கிய மரப்பரண், கரிந்தும் உடையாமல் இருக்கிறது. பலசரக்குக் கடைக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். கடைக்காரர் மட்டும் இல்லை.

உள்ளே நுழையும் சரிவுப்பாதையிலிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் ஒரு பள்ளத்தில் கிடக்கும். அதன் விளிம்பில் இன்றைய எர்கோலானோவின் அடுக்குமாடி வீடுகள், கொடியில் துணி காய்ந்தபடி எட்டிப் பார்க்கும். பள்ளத்தின் கடல்பக்க ஓரத்தில் வளைவு வளைவாகப் படகுக் கொட்டில்கள். தப்பிக்கப் படகு வரும் என்று அங்கே ஒதுங்கிய சுமார் 300 பேரின் எலும்புக்கூடுகள் 1980களிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டன. இப்போது அங்கே வைத்திருப்பவை பிரதிகள்தான் என்றாலும் சின்னப் பிள்ளைகள் பயப்படலாம். முன்பே சொல்லி அழைத்துப் போங்கள். முன்னால் இருந்த பழைய கடற்கரை 2024 ஜூனில் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது.

குறையும் உண்டு. தோண்டியது 4.5 ஹெக்டேர், ஏறத்தாழ 11 ஏக்கர்தான். ஊரின் மன்றம் இன்றைய வீடுகளுக்கு அடியில் கிடக்கிறது. வட்டரங்கம் கண்ணில் படாது. 'ஒரு ரோமானிய நகரத்தில் நடந்தேன்' என்ற உணர்வு வேண்டுமானால் அதற்குப் பொம்பேய்தான். மதிலுக்குள் மட்டும் 66 ஹெக்டேர், 160 ஏக்கருக்கு மேல். அதில் மூன்றில் இரண்டு பங்கு தோண்டியாயிற்று. தெருவைக் கடக்கப் போட்ட மிதிகற்கள், அவற்றின் நடுவே வண்டிச் சக்கரம் ஓடி ஓடித் தேய்ந்த தடம், ரொட்டிக் கடைகளில் இடுப்பு சிறுத்த உடுக்கை வடிவத்தில் நிற்கும் எரிமலைக்கல் மாவரைக்கும் கற்கள். செக்குமாடு போலக் கழுதையைக் கட்டிச் சுற்றவிட்டிருக்கிறார்கள். தெருமுனைக்கு ஒரு சாப்பாட்டுக் கடை, மேடையில் சாடி பதித்த குழிகளோடு. இந்த அளவு, இந்த நெருக்கம் எர்குலேனியத்தில் கிடைக்காது.

பொம்பேய்க்குப் போவதென்றால்

2024 நவம்பர் 15 முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். டிக்கெட்டில் பெயர் அச்சாகியிருக்கும். வாசலில் அடையாளச் சான்று கேட்பார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நாளை இரண்டாகப் பிரித்து, காலைப் பகுதிக்கு 15,000, பகல் 1 மணிக்கு மேல் 5,000 டிக்கெட். 'அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம்' என்று பகலில் போய் நிற்பவர்கள்தான் திரும்பி வருகிறார்கள். ஆன்லைனில் முன்பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் போடுங்கள். நம் ஆட்களின் தலைப்பெழுத்துக் குழப்பம் இங்கேயும் வரும்.

30 × 30 × 15 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பையை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் இலவசமாக வைத்துக்கொள்வார்கள். ஆனால் வைத்த வாசலுக்கே திரும்பி வர வேண்டும், அது உங்கள் பாதையைக் கட்டிப்போடும். ஒரு தடவை வெளியே வந்தால் அதே டிக்கெட்டில் மறுபடி நுழைய முடியாது. உள்ளே குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன. காலி பாட்டில் போதும். நிழல் அநேகமாக இல்லை. தெருக்கல் பெரிய பெரிய எரிமலைப் பாறை, மேடு பள்ளம். ரப்பர் செருப்போடு வந்தால் கணுக்கால் மடங்கும். குழந்தை வண்டியோ சக்கர நாற்காலியோ இருந்தால் மரீனா வாசலை விட்டு வட்டரங்கச் சதுக்கத்து வாசலில் நுழையுங்கள். அங்கிருந்துதான் சமதளப் பாதை 3 கிலோமீட்டருக்கு மேல் போட்டிருக்கிறார்கள்.

நாலு மணி நேரத்துக்கு ஒரு தடம்: மரீனா வாசல், நகர மன்றம், மன்றத்துக் குளியல் கூடம், ஃபான் வீடு, 2023இல் மறுபடி திறந்த வெத்தி வீடு, ஸ்தாபியா குளியல் கூடம், அபொந்தான்சா தெரு, நாடக அரங்குகள், மறுபடி மரீனா வாசல். கி.மு. 70 வாக்கில் கட்டிய வட்டரங்கம் ஊரின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. 'மர்மங்களின் மாளிகை' வடமேற்கே மதிலுக்கு வெளியே. இரண்டையும் சேர்த்தால் இன்னும் ஒன்றரை மணி நேரம். மாளிகையின் சிவப்புச் சுவரோவியங்களுக்காக வட்டரங்கத்தை விட்டுக்கொடுக்கலாம். வட்டரங்கம் எங்கே போனாலும் வட்டரங்கம்தான்.

வட்டரங்கத்தைத் தவிர்க்க இன்னொரு காரணம், ரயில். அந்தப் பக்கம் வெளியேறினால் சொரெண்டோ ரயில் நிற்கும் நிலையம் ஒன்றரை கிலோமீட்டர் பின்னால் போய்விடும். பக்கத்திலேயே 'பொம்பேய்' என்று பலகை போட்ட நிலையம் தெரியும். பலர் அங்கே போய் ஏறிவிடுகிறார்கள். அது போஜ்ஜோமரீனோ தடம், சொரெண்டோவுக்குப் போகாது.

ரயில், நிலையப் பெயர்கள்

கிழக்குப் பக்கம் முழுவதற்கும் சிர்கும்வெசுவியானா ரயில்தான். நேப்பிள்ஸ் மத்திய நிலையத்துக்கு அடியில் உள்ள கரிபால்டி மேடையிலிருந்து எர்குலேனியம் சுமார் 20 நிமிடம், பொம்பேய் 35 முதல் 40, சொரெண்டோ ஒரு மணி பத்து நிமிடம். அரை மணிக்கு ஒரு வண்டி என்று எண்ணிக்கொள்ளுங்கள். கட்டணம் குறைவு, சொரெண்டோவுக்கு ஒரு வழிக்கு 5 யூரோ அளவில். அதற்கேற்ற வசதிதான்: பல வண்டிகளில் ஏசி கிடையாது, கோடையில் நெரிசல், ஜேப்படி. பணப்பையைப் பின்பக்கத்தில் வைக்காதீர்கள். கரிபால்டிக்கு ஒரு நிலையம் முன்னால் உள்ள போர்த்தா நொலானாவில்தான் வண்டி புறப்படுகிறது. மத்திய நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. அங்கே போய் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். சீசனில் குறைவான நிறுத்தங்களோடு, இருக்கை உறுதியோடு 'கம்பானியா எக்ஸ்பிரஸ்' ஓடும். காசு கூடுதல். வயதானவர்கள் கூட இருந்தால் யோசிக்காமல் எடுங்கள்.

வண்டியின் நெற்றியில் 'சொரெண்டோ' என்று இருக்க வேண்டும். இறங்க வேண்டியவை 'எர்கோலானோ ஸ்காவி', 'பொம்பேய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி'. ஸ்காவி என்றால் அகழாய்வு. அந்தச் சொல் இல்லாத நிலையத்தில் இறங்காதீர்கள். பொம்பேய் ஸ்காவியில் இறங்கினதுமே கழுத்தில் அட்டை மாட்டியவர்கள் 'டிக்கெட் ஆபீஸ் இங்கே' என்று கூப்பிடுவார்கள். அவை வழிகாட்டிச் சுற்றுலா விற்கும் தனியார் கடைகள். உண்மையான வாசல் இரண்டு நிமிட நடையில். எர்கோலானோவில் நிலைய வாசலிலிருந்து ஒரே நேர்த்தெரு, கடலைப் பார்த்து இறக்கம், பத்து நிமிடம். திரும்பும்போது அதே தெரு ஏற்றம் என்பதை மறக்க வேண்டாம்.

சொரெண்டோவில் மிச்சப் பொழுது

எர்குலேனியத்தில் காலை 8.30க்கு நுழைந்தால் 11 மணிக்கு வெளியே வந்துவிடலாம்; பகல் 12.30க்குள் சொரெண்டோ. பொம்பேயென்றால் 9 மணிக்கு நுழைந்து 1 மணிக்கு வெளியே, அரை மணி ரயில், சொரெண்டோ சேரும்போது 2 மணி. அந்த ஒன்றரை மணி நேர வித்தியாசத்தில்தான் கடலில் ஒரு குளியல் அடங்கும். எர்குலேனியத்தின் பக்கம் சாய்வதற்கு பாதிக் காரணம் இதுதான்.

சொரெண்டோவில் மணல் கடற்கரையைத் தேடினால் ஏமாற்றம். ஊர் செங்குத்துப் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது; கீழே மரப்பலகை மேடைகளில் காசு கொடுத்துக் குளிக்க வேண்டும். பெயர்களும் ஏமாற்றும்: மரீனா கிராண்டே, அதாவது 'பெரிய துறை', சின்ன மீனவர் துறை. மரீனா பிக்கோலா, 'சிறிய துறை', படகுகள் புறப்படும் பெரிய துறைமுகம். நேப்பிள்ஸுக்குப் படகில் திரும்ப நினைப்பவர்கள் போக வேண்டியது சிறியதுக்கு. விரைவுப் படகு சுமார் 40 நிமிடம். கட்டணம் ரயிலைப் போலப் பல மடங்கு. காற்று எழும்பினால் ரத்து. கடைசிப் படகு மாலையிலேயே போய்விடும். ஆகவே ரயில் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டண மேடை வேண்டாம் என்றால் ஊருக்கு மேற்கே கப்போ தி சொரெண்டோ வரை பஸ்ஸில் போய், கல்பாதையில் பத்துப் பதினைந்து நிமிடம் இறங்குங்கள். பாறை வளைவுக்குள் கடல் புகுந்து தேங்கிய இயற்கைக் குளம் ஒன்று. மேலே ஒரு ரோமானியச் செல்வரின் கடல்மாளிகைச் சுவர்கள். ஸ்தாசியஸ் என்ற கவிஞர் பாடிய பொல்லியஸ் ஃபெலிக்ஸின் மாளிகை இதுதான் என்கிறார்கள். பாறை வழுக்கும், நிழல் குறைவு, கோடை நடுவில் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவார்கள். அது இல்லாத நாளில் ஒரே மூச்சில் கடலும் இடிபாடும்.

சாப்பாடு: சைவக்காரர்களுக்குக் கவலை வேண்டாம். 'மரினாரா' என்ற பெயரைக் கேட்டு மீன் என்று ஒதுக்குவார்கள். மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். சீஸ்கூடக் கிடையாது. பாஸ்தாமேல் தூவும் பார்மேசான் சீஸ் கன்றின் வயிற்றுநொதியில் உறைய வைத்தது. கறாரான சைவர்கள் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மேற்கே: பொத்சுவோலியும் பாயாவும்

கூட்டம் குறைந்த தேர்வு இது. நம்மவர்களுக்கு நெருக்கமானதும்கூட. பொத்சுவோலியின் பழைய பெயர் புத்தேயோலி. தமிழ் விவிலியத்தில் அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் வந்திறங்கும் பட்டணம். ரோமுக்கருகே பெரிய துறைமுகம் கட்டும்வரை அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த கிழக்கத்திச் சரக்குக்கு இதுதான் துறை. முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடல், நைல், அலெக்சாந்திரியா வழியாக வந்து சேர்ந்த இடம். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்த அன்னியஸ் ப்ளோகாமஸ் என்பவரின் ஆள் ஒருவர் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரையேறியதை ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார். அன்னியஸ் என்ற குடும்பப் பெயர் பொத்சுவோலிக் கல்வெட்டுகளிலும் வருகிறது. அதை எழுதிய பிளினி, பாயாவுக்கு அப்பாலுள்ள மிசேனோவில் கடற்படைத் தலைவராக இருந்தபோதுதான் வெசூவியஸ் வெடித்தது. ஆட்களை மீட்கக் கப்பலில் போய், சொரெண்டோ தடத்திலுள்ள ஸ்தாபியாவின் கரையில் இறந்தார்.

நேப்பிள்ஸின் மொந்தேசாந்தோவிலிருந்து கும்மானா ரயில், அல்லது மெட்ரோ 2ஆம் தடம்; இரண்டிலும் அரை மணிக்குள். முதலில் ஃபிளாவிய வட்டரங்கம். மேலே படிக்கட்டு சிதைந்திருந்தாலும் கீழே மிருகங்களை அடைத்து வைத்த நிலவறைகள் அப்படியே இருக்கின்றன. பிறகு துறைமுகத்துக்குப் பக்கத்தில் 'செராப்பிஸ் கோயில்' என்று தப்பாகப் பெயர் வாங்கிய பழைய சந்தை. வேலிக்கு வெளியே நின்றே பார்த்துவிடலாம். மூன்று பளிங்குத் தூண்கள்; அடியிலிருந்து 12 அடி வரை வழுவழுப்பு, அதற்கு மேல் 9 அடிக்குச் சல்லடை மாதிரித் துளை. கல்லைத் துளைக்கும் கடற்சிப்பிகளின் வேலை. தூண் நின்றபடியே நிலம் கடலுக்குள் இறங்கி, மறுபடி மேலே வந்திருக்கிறது. சார்லஸ் லயல் 1830இல் வெளியிட்ட நிலவியல் நூலின் முகப்புப் படம் இந்தத் தூண்கள்தான்.

அதே ஏற்றமும் இறக்கமும் பாயாவைக் கடலில் இறக்கிவிட்டது. ரோமானியப் பெரும்புள்ளிகளின் கேளிக்கை ஊரில் பாதி இன்று தண்ணீருக்கடியில். கண்ணாடி அடித்தளப் படகு, முகமூடி நீச்சல், முக்குளிப்பு என மூன்று வழியிலும் பார்க்கலாம். மழைக்கு மறுநாள் தண்ணீர் கலங்கியிருக்கும்; காசு வீண். கரையில் உள்ள 'மெர்க்குரி கோயில்' உண்மையில் ஒரு குளியல் கூடம். 21.5 மீட்டர் விட்டமுள்ள அதன் காங்கிரீட் குவிமாடம் ரோமின் பாந்தியன் கோயிலைவிட மூத்தது. உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கும். மெல்லப் பேசினாலும் எதிரொலிக்கும்.

இந்தப் பக்கத்தின் சிக்கல்கள் மூன்று. இடங்கள் சிதறிக் கிடக்கின்றன. பொத்சுவோலிக்கும் பாயாவுக்கும் நடுவே பஸ்ஸை நம்ப வேண்டும். காத்திருந்து சலித்தால் டாக்சிதான். ஒவ்வொரு இடத்துக்கும் வார விடுமுறை வேறு வேறு நாள் என்பதால் முதல் நாளே பார்த்துவிட வேண்டும். நிலம் இன்னும் அசைகிறது: 2024 மே மாதம் 4.4, 2025 மார்ச்சில் 4.6 அளவில் நடுக்கம் வந்தது. அப்படி வந்தால் தடத்தைச் சோதிக்க ரயிலை நிறுத்துவார்கள், இடிபாடுகளையும் மூடுவார்கள். அன்று காலையிலேயே கிழக்குப் பக்கத் திட்டத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

அமால்ஃபிதான் வேண்டும் என்பவர்களுக்கு

சொரெண்டோவிலிருந்து அமால்ஃபிக்கு பஸ் ஒன்றே முக்கால் மணி நேரம் வரை இழுக்கும்; கோடையில் அதற்கும் மேல். நேப்பிள்ஸிலிருந்து போய்வரக் கூட்டினால் ஆறு மணி நேரம் பாதையிலேயே. அதற்குப் பதில் நேப்பிள்ஸிலிருந்து சலேர்னோவுக்குச் சாதாரண ரயில், நிலையத்துக்கு அருகிலுள்ள கொங்கோர்தியா துறையிலிருந்து படகு. சில படகுகள் தள்ளியுள்ள மன்ஃப்ரேதி துறையிலிருந்து புறப்படும், டிக்கெட்டில் பாருங்கள். மினோரியில் இறங்கினால் ஊருக்குள்ளேயே முதல் நூற்றாண்டுக் கடல்மாளிகை ஒன்று இருக்கிறது. ஒரு மணி நேரம் போதும். அங்கிருந்து மயோரிக்கு எலுமிச்சைத் தோட்டங்கள் ஊடே படிக்கட்டுப் பாதை. படகு ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான். மற்ற மாதங்களில் இந்தத் திட்டமே வேண்டாம்.

நாளும் பருவமும்

மாதத்தின் முதல் ஞாயிறு அனுமதி இலவசம். அதனாலேயே அன்றைக்குப் போகாதீர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை பொம்பேயும் எர்குலேனியமும் மாலை 5 மணிக்கு மூடும், கடைசி நுழைவு 3.30. நிலையத்தில் 'ஷோப்பெரோ' என்று தாள் ஒட்டியிருந்தால் வேலைநிறுத்தம். முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், வெள்ளிக்கிழமைகளில் அடிக்கடி வரும்.

காலையிலேயே மழை கொட்டினால் எங்கும் போக வேண்டாம். நேப்பிள்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். பொம்பேயின் நல்ல ஓவியங்களிலும் சித்திரத் தரைகளிலும் பல அங்கேதான் இருக்கின்றன. 'ரகசிய அறை' என்று தனியாக வைத்திருக்கும் பகுதியில், 1938இல் பொம்பேயின் ஒரு வீட்டில் கிடைத்த கால் மீட்டர் உயரத் தந்தச் சிலையைத் தேடுங்கள். லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டார்கள், யட்சியாக இருக்கலாம். காதணியையும் கால் நிறையத் தண்டையையும் பார்த்தால் எங்கிருந்து கப்பலேறி வந்தவள் என்று சொல்லத் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை.